ஜாவா மொழியில் வகுப்புகளின் தேடுபாதை: பெயரும் இடமும்

முன்னுரை

ஜாவா நிரலில் ஒரு வகுப்பைப் பெயரால் மட்டுமே சுட்டுகிறோம்; அதன் கோப்பு எங்குள்ளது என்பதை நிரல் கூறுவதில்லை. பெயரைக் கொண்டு இடத்தை அறியும் பணியைக் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியும், நிரலை இயக்கும் ஜாவா பொறியும் தனித்தனியே செய்கின்றன. இவ்விரு தேடல்களும் வேறுபடக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ('கிளாஸ்' என்பதற்குப் பாடநூல்களில் 'இனக்குழு' என்ற சொல்லும் உண்டு. மானிடவியலில் அதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டமையால் இங்கு 'வகுப்பு' என்பதே ஆளப்படுகிறது.)

பெயர் கோப்பாகும் முறை

'அகராதி' என்னும் பொதியில் 'சொல்' என்னும் வகுப்பு உள்ளதாகக் கொள்வோம். ஜாவா ஒருங்குறியை ஏற்பதால் இத்தமிழ்ப் பெயர்களே நிரலில் செல்லும். 'அகராதி.சொல்' என்பது முழுப்பெயர். பொறி அதனை 'அகராதி' என்னும் கோப்புறைக்குள் 'சொல்' என்னும் கிளாஸ் கோப்பாகத் தேடும். எனவே தேடுபாதையில் தரவேண்டியது 'அகராதி' கோப்புறையை அன்று, அதனை உள்ளடக்கிய மேற்கோப்புறையை. புதிதாகப் பயில்வோர் பெரிதும் தடுமாறும் இடம் இது.

தமிழ்ப் பெயர்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'சொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஜாவாவுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். நிரலில் ஒரு வடிவமும் கோப்பின் பெயரில் மற்றதும் அமைந்தால், லினக்ஸ் இயங்குதளத்தில் வகுப்பு கிடைக்காது.

வரிசையும் முன்னுரிமையும்

'கிளாஸ்பாத்' என்னும் கட்டளைத் தெரிவைப் பாதை என்பதினும் இடவரிசை என்பதே பொருந்தும். கோப்புறைகளும் ஜார் கோப்புகளும் அதில் அடுக்கப்படும்; அவற்றை விண்டோஸில் அரைப்புள்ளியும் லினக்ஸில் முக்காற்புள்ளியும் பிரிக்கும். இத்தெரிவைத் தராவிடில் அதே பெயருடைய சூழல்மாறி கொள்ளப்படும். அதுவும் இல்லையேல் நடப்புக் கோப்புறை. 'ஜார்' தெரிவால் இயக்கினால் இவை யாவும் புறக்கணிக்கப்படும்.

ஒரே பெயர் ஈரிடங்களில் இருப்பின், வரிசையில் முந்துவதே ஏற்கப்படும். எச்சரிக்கை ஏதும் எழாது. நிரல்பெயர்ப்பி புதிய பதிப்பைக் கண்டு ஒப்புக்கொண்டிருக்க, இயக்கும்போது பழைய பதிப்பு வரிசையில் முந்தியிருக்கலாம். அழைத்த செயற்கூறு பழையதில் இல்லையெனில் நிரல் பிழை காட்டி நிற்கும். அது நன்மையே. செயற்கூறு இருந்து, அதன் செயல் மட்டும் வேறாக இருப்பின் தவறான விடை அமைதியாக வெளிவரும்.

2017இல் வெளிவந்த ஜாவா 9 மாட்யூல்களுக்கெனத் தனித் தேடுபாதையை அமைத்தது. அப்பாதையிலிருந்து ஏற்றப்படும் இரு மாட்யூல்கள் ஒரே பொதியைக் கொண்டிருந்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. பழைய கிளாஸ்பாத்தில் இக்காப்பு இன்றும் இல்லை. அங்கு ஐயம் எழுந்தால் 'வெர்போஸ் கிளாஸ்' தெரிவுடன் இயக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு வகுப்பும் எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பதைப் பொறியே திரையில் காட்டும்.