ஐஸ் இருக்கிறது, ஆள் வேண்டும்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் விடிவதில்லை. பாளம் பாளமாக வரும் ஐஸ் நொறுங்கிப் படகுகளின் அடித்தட்டுக்குள் போகிறது. பல நாள் கடலில் தங்கும் படகுக்கு எண்ணெய் எப்படியோ, ஐஸும் அப்படித்தான். கரைக்கு வரும் மீனுக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் படுக்கைதான். சூடேறினால் மீன் கெட்டுவிடும் என்று கடற்கரையில் வளரும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஓடுகிற பிள்ளைக்குச் சூடேறினால் என்ன செய்வது?

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் உயிரிழந்தான். கிழக்கு மாகாணம் முழுவதும் அந்தச் செய்தியால் கலங்கியது. வெயில் கடுமையான நாட்களில் மாணவரை மைதானத்தில் இறக்குவது பற்றிக் கல்வி அமைச்சும் அந்தக் காலத்தில் அறிவுறுத்தல்களை வெளியிட்டது. அந்த மரணத்தின் காரணம் மருத்துவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடத்தும் ஒவ்வொரு பாடசாலையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தால், முதல் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் நிற்கப்போவது யார்?

பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்தான் நிற்கிறார். கையில் குளுக்கோஸ் பைக்கற்று, பக்கத்தில் முதலுதவிப் பெட்டி, அதற்கு அப்பால் அம்புலன்ஸை அழைக்கும் தொலைபேசி. அவருடைய அக்கறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கென்றே ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் வைத்துப் பயிற்றுவிக்க முடியும் என்பதுதான் இங்கே பலருக்கும் எட்டாத செய்தி.

தறப்பாளும் ஐஸ் தண்ணீரும்

மைதானத்தில் வீரர்களுக்கு உடனடிச் சிகிச்சை தருவது அமெரிக்காவில் தனித் தொழில். பயிற்றுநருக்கும் மருத்துவருக்கும் நடுவே நிற்கும் இத்தொழிலைச் செய்பவர்களுக்கான தேசியச் சங்கம் 1950இல் கன்சாஸ் நகரில் தொடங்கியது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. முன்பு இளமாணிப் பட்டத்தோடு வேலைக்குப் போகலாம். 2022இன் பின் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதுமாணிப் பட்டம்தான் வாசல்.

அங்கே முதலில் மனதில் பதியவைக்கும் பாடங்களில் ஒன்று, முதலில் குளிரூட்டு, பிறகு கொண்டுபோ என்பது. கடும் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கத்தில் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். பிள்ளை தடுமாறும், உளறும், சில வேளை ஆளையே அடையாளம் தெரியாமல் கோபப்படும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்றில்லை. அந்த நிலையில் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றினால் புரைக்கேறும் ஆபத்தும் சேரும். செய்ய வேண்டியது ஒன்றுதான். கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் இறக்கித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் உயிர் தப்பும் வாய்ப்பு மிக மிக அதிகம்.

இதற்குச் சான்று அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. பல்மத் என்ற கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் ஓகஸ்ட் வெயிலில் ஓர் ஓட்டப் போட்டி நடக்கிறது. 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது அங்கே 274 பேருக்கு வெப்பத் தாக்கம் ஏற்பட்டிருந்தது. ஓட்டம் முடியும் இடத்திலேயே ஐஸ் தொட்டிகள் இருந்தன. 274 பேரும் பிழைத்தார்கள்.

தொட்டி இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. ஒரு தறப்பாளை விரித்து, விழுந்தவரை அதில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் ஐஸும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். பிடித்திருப்பவர்கள் தறப்பாளை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். கிழக்கில் தறப்பாள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஐஸுக்கும் திருகோணமலையில் பஞ்சமில்லை.

பஞ்சம், இதைத் தெரிந்து நிற்கும் ஆளுக்குத்தான். மே மாதத்திலிருந்து கச்சான் காற்று நெருப்பாக வீசும் ஊரில் அந்த ஆள் மருத்துவர் அளவுக்கு அவசியம்.

ஒரு கணுக்கால், நாலு அடி

மெக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. பந்தை வெட்டித் திரும்பும்போது கால் புரள்கிறது, வீரர் உட்கார்ந்துவிடுகிறார். உடனே ஒருவர் எண்ணெய்ப் போத்தலோடு வந்து உருவத் தொடங்குகிறார். உள்ளே இரத்தக் கசிவு நிற்காத புதுக் காயத்தை உருவினால் வீக்கம்தான் கூடும்.

பயிற்சி பெற்றவர் உருவமாட்டார், விரலால் தேடுவார். கணுக்காலின் இரு பக்க எலும்பு முனைகளிலும் பின்விளிம்பு வழியே 6 சென்ரிமீற்றர் வரை அழுத்துவார். பிறகு பாதத்தின் வெளிப்பக்க நடுவில் துருத்தும் எலும்பு, உட்பக்க வளைவுக்கு மேலுள்ள எலும்பு. அதன்பின் நாலு அடி நடக்கச் சொல்வார். இந்த எலும்புகளில் நோவில்லை, நாலு அடியும் வைக்க முடிகிறது என்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரேக்கு ஓடத் தேவையில்லை. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த இந்த விதியை இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் தோலுக்கு அடியில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று விரல் அறிவதற்கு உடற்கூற்றியல் படித்திருக்க வேண்டும்.

ஐஸ் வைப்பதிலும் படிப்பு இருக்கிறது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்துதல் என்ற நாலு படி முறையை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், 2014இல் தன் கருத்தையே திருத்தினார். ஐஸ் நோவைக் குறைக்கும், ஆனால் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்றார். இன்று, முடிந்தளவு சீக்கிரம் காலை அளவோடு அசைக்கச் சொல்கிறார்கள்.

காயம் வருமுன் காப்பதும் இதே படிப்பின் பகுதி. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 உதைபந்தாட்ட வீராங்கனைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. ஏறத்தாழ 20 நிமிட ஒழுங்கான உடல் சூடேற்றும் பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தன. ஒரு பந்தும் கொஞ்ச இடமும் போதும், வேறு கருவி வேண்டாம்.

எங்கே படிப்பது?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்த திருகோணமலைப் பிள்ளைக்கு முதல் வழி இயன்மருத்துவம். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. இரண்டாவது வழி விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகங்கள் நடத்தும் இந்தப் படிப்புக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. மருத்துவராகிவிட்டவர்களுக்குக் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் விளையாட்டு மருத்துவத்தில் மேற்படிப்புத் தருகிறது.

கடல் கடந்தால் தமிழ்நாடு. 1920இல் ஹரி குரோ பக் தொடங்கிய சென்னை வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறாண்டு கண்டுவிட்டது. 2005 முதல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணியோடு இருந்த இயன்மருத்துவர் அலெக்ஸ் கொண்டூரி அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அன்று அப்படி வெளியிலிருந்து ஆளெடுத்த நாட்டில், இன்று உள்ளூரிலேயே அந்தப் படிப்பைப் படிக்கலாம்.

திருகோணமலைக்குள்ளேயும் ஒரு வாசல் இருக்கிறது. கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இல்லை, ஆனால் சித்த மருத்துவப் பட்டம் இருக்கிறது. உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்மமும், உடலைப் பிடித்து உருவும் தொக்கணமும் சித்த மருத்துவத்தின் சொத்து. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கித் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது அது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டு வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். எந்தக் காயத்தில் எத்தனையாம் நாள் கை வைக்கலாம், எந்தக் காயத்தை அன்றே எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும் என்ற மைதான அறிவு இந்த மாணவர்களின் கைத்திறனோடு சேர்ந்தால், ஊருக்கு ஊர் ஆள் கிடைக்கும். வளாகமும் வலயக் கல்வி அலுவலகமும் வைத்தியசாலையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இதைத் தொடங்கலாம்.

அதுவரைக்கும் அடுத்த மரதன் காத்திருக்காது. ஓட்டம் முடியும் கோட்டருகே ஒரு நிழல் கொட்டில், ஒரு தறப்பாள், கொட்பேயிலிருந்து விடிய வாங்கி வந்த நாலு மூட்டை ஐஸ், தண்ணீர்க் குழாய் ஒன்று. தறப்பாளின் நாலு மூலையையும் பிடிக்க நாலு உயர்தர மாணவர்களை முதல் நாளே பழக்கிவைக்கலாம். அவர்களில் ஒருவர் அடுத்த வருடம் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலாவதாக எழுதுவார் என்பது, அன்று அந்தக் கொட்டிலுக்குள் அவர் கண்டதைப் பொறுத்ததாகவும் இருக்கும்.