பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்



சமீப காலமாக நம் மஹல்லாவில் பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி கார்கள் அதிகம் தென்படுகின்றன. பெரும்பாலானவை ஏழெட்டு வருடம் ஓடிய வண்டிகள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிமார்களும், வீட்டில் நிக்காஹ் வைத்திருப்பவர்களும் இவற்றை விசாரித்து வாங்குகிறார்கள். நல்ல வாகனம் ஒரு நிஃமத். ஹலாலான சம்பாத்தியத்தில் அதை வாங்குபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்வி உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் வரவு செலவு விசாரிக்கும்போது, மாத வருமானத்தில் பெரும் பங்கை வாசலில் நிற்கும் கார் எடுத்துக்கொள்வது சில நேரம் தெரிய வருகிறது. விற்கலாம் என்றால் நினைத்த விலைக்குப் போவதில்லை. வைத்திருக்கலாம் என்றால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. வாங்கும் முன்பே கணக்குப் போட்டிருந்தால் இந்த நிலை வராது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விலை இறங்கியது காருக்கு மட்டுமே

ஷோரூமில் 50 லட்சம் ரூபாய்க்கு விற்ற கார், எட்டு வருடத்தில் 14 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கியது காரின் விலைதான். அதன் ஹெட்லைட், கியர் பாக்ஸ், பிரேக் டிஸ்க், டயர் எதற்கும் விலை இறங்கவில்லை. அவை இன்றும் 50 லட்ச ரூபாய் காரின் உதிரி பாகங்களே. வேலை பார்க்கும் மெக்கானிக்கின் கூலியும் அப்படியே. அதோடு, புதிய காரில் வராத பழுதுகள் எட்டாவது வருடத்தில்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும்.

எனவே, 14 லட்சத்துக்குப் புதிய சிறிய கார் வாங்குபவர் போடும் பராமரிப்புக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்தக் காரை வாங்கும்போது 14 லட்சம் கொடுக்கிறோம். வைத்திருக்கும்போது 50 லட்ச ரூபாய் காருக்குரிய செலவைச் செய்கிறோம்.

மாதக் கணக்கு

கீழே இருப்பது உத்தேசத் தொகை. உங்கள் வண்டிக்கான தொகையை சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இன்சூரன்ஸ்: 50,000 ரூபாய்
சர்வீஸ், சிறியதும் பெரியதும் சராசரியாக: 60,000 ரூபாய்
டயருக்கு எடுத்து வைப்பது: 27,000 ரூபாய்
எதிர்பாராத பழுதுக்கு: 1,00,000 ரூபாய்
பெட்ரோல், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால்: 1,00,000 ரூபாய்

மொத்தம் வருடத்துக்கு 3,37,000 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 28,000 ரூபாய். இதில் காரின் விலை சேரவில்லை. நான்கு வருடம் கழித்து அதே வண்டி 7 லட்சத்துக்குப் போனால், மாதம் 14,500 ரூபாய் அளவுக்கு மதிப்பும் குறைகிறது. ஆக, உண்மையான மாதச் செலவு 42,000 ரூபாயைத் தாண்டுகிறது. இந்தத் தொகையை வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வாப்பா உம்மாவுக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு அருகில் எழுதிப் பாருங்கள். இடம் இருந்தால் வாங்கலாம்.

கையில் 14 லட்சம் இருந்தால் 14 லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்காதீர்கள். 10 லட்ச ரூபாய் வண்டியைப் பாருங்கள். மீதி நான்கு லட்சத்தில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஆயில், ஃபில்டர், பேட்டரி, பிரேக், டயர் வேலைகளை முடித்து, எஞ்சியதைப் பழுதுக்கென்று தனியாக வைக்க வேண்டும்.

பணம் போகும் இடங்கள்

பல பி.எம்.டபிள்யூ. கார்களில் ரன்ஃபிளாட் டயர் இருக்கும். பஞ்சரானாலும் குறைந்த வேகத்தில் ஓரளவு தூரம் ஓடும். ஆனால் சாதாரண டயரைவிட விலை அதிகம்.

சில பெரிய கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். நாளடைவில் அந்த ரப்பர் வெடித்துக் காற்று கசியும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் காற்றுப் பையையோ கம்பிரஸரையோ மாற்றும் செலவு காத்திருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயிலை வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. பல சொகுசுக் கார்களுக்கு கியர் பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

எஞ்சின் சூடாகும் முன்பு போய்ச் சேருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் செயின் சத்தமும் புகையும் தெரியும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். பழைய பில்லில் உள்ள கிலோமீட்டர் இப்போது மீட்டர் காட்டுவதைவிட அதிகமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து, கம்ப்யூட்டர் ஸ்கேனோடு முழுப் பரிசோதனை செய்யுங்கள். விற்பவரோ புரோக்கரோ அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் தனி எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு இருக்கிறதா? சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா? கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா? எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டியில் தண்ணீர் புகுந்தால் பழுது வருடக்கணக்கில் தொடரும்.

தாள்கள்

எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ், அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். கடனில் இருந்த வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே விற்பவருக்கும் பெயர் மாற்றம் அவசியம்.

டெல்லிப் பதிவு எண்ணோடு மலிவாக வரும் கார்களுக்கு ஒரு காரணம் உண்டு. 10 வருடம் கடந்த டீசல், 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராக தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும், அதையொட்டி உச்ச நீதிமன்றம் 2018-லும் உத்தரவிட்டன. அதனால் அங்கே ஆயுள் முடியப் போகும் வண்டிகள் பிற மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதுப் பதிவு எண் எடுக்க வேண்டும். இங்குள்ள வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டு, காரின் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பதை வங்கி வழியாகவே செய்யுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

இன்சூரன்ஸ்

வண்டி கை மாறியதும் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, வண்டியோடு வராது. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் உலோக பாகங்களுக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். மீதி உங்கள் கையிலிருந்து போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

கடன், ஜகாத், விற்பனை

வட்டிக் கடன் இல்லாமல் வாங்க முடியவில்லை என்றால், அந்தக் கார் இப்போதைக்கு நமக்கு உரியதல்ல. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்குவதும் அப்படித்தான். ரிபாவின் பாவம் ஒரு புறம். மதிப்பு குறைந்துகொண்டே போகும் பொருளுக்காக வளர்ந்துகொண்டே போகும் கடனைச் சுமப்பது கணக்கிலும் தவறு.

சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கு ஜகாத் இல்லை. ஆனால் பழுதுக்கென்று எடுத்து வைத்த பணம் உங்கள் பணமே. நிஸாபும் வருடமும் பூர்த்தியானால் அதையும் ஜகாத் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கியர் பாக்ஸ் தடுமாறுவது தெரிந்தும் சொல்லாமல் விற்பது மோசடி. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நம் ஃபிக்ஹின் சட்டம். குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கும் பணத்தில்தான் பரக்கத் இருக்கும்.

கடைசியாக, வருடத்தில் நான்கைந்து நிக்காஹ்களுக்கு மட்டுமே பெரிய கார் தேவைப்படுகிறது என்றால், அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். அன்றாடத்துக்கு ஊரிலேயே உதிரி பாகம் கிடைக்கும் சாதாரணக் கார் போதும். வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், மேலே சொன்ன மாதத் தொகையை மூன்று மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் எந்தச் செலவும் தடைப்படாமல் அந்தப் பணம் அப்படியே இருந்தால், தாராளமாக வாங்குங்கள். ஒரு மாதம் அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தாலும், பதில் தெரிந்துவிட்டது.

அல்லாஹ் நம் வருமானத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்