எழுபது வளைவும் ஏறும் கிடா

காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை மாசி பெரியண்ணசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயும் சேவலும் அத்தனை வளைவுகளையும் கடந்துதான் மேலே போகின்றன. மினி லாரியில் அண்டா, விறகு, ஆட்களுக்கு நடுவே கால் கட்டிய கிடா. வண்டி திரும்பும்போதெல்லாம் பக்கப்பலகையில் போய் மோதும். ஊன்றி நிற்கக் கால் இல்லை. பைக் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கும் சேவல் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கும்.

கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இல் வந்த சட்டம் அரை நூற்றாண்டு ஏட்டிலேயே கிடந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்புடன் அமல்படுத்தச் சொன்னது. கிராமக் கோயில்களில் எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் சட்டமே ரத்தானது. 1960-ஆம் ஆண்டின் மத்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், 28-ஆவது பிரிவில், சமய முறைப்படி கொல்வதைக் குற்றமாக்கவில்லை. ஆகவே நேர்த்திக்கடனுக்குத் தடை இல்லை.

அந்த விலக்கு வெட்டுக்கு மட்டும்தான், வழிப்பயணத்துக்கு இல்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தேவையற்ற வலி உண்டாகும்படி விலங்கை ஏற்றிச் செல்வது அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். 2016 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதி, கால்நடை ஏற்றும் வண்டியில் ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் விடச் சொல்கிறது.

11-ஆவது பிரிவை மீறினால் தண்டனை? முதல் முறை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இதை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. இந்தக் குற்றத்துக்குக் காவலர் தாமாக வழக்குப் பதியவும் முடியாது. நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். 50 ரூபாய்க்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? அபராதத்தை உயர்த்தாமல் விலங்கு நலக் கொள்கை என்று பேசுவதில் பொருளில்லை.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிடா உடம்பைத் துலுக்கிச் சம்மதம் தந்தால்தான் வெட்டுவது கொங்குப் பக்கத்து வழக்கம். துலுக்கும்வரை குடும்பமே கைகூப்பிக் காத்து நிற்கும். அதன் சம்மதத்துக்காக அங்கே காத்திருப்பவர்கள் வழியிலும் அதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். அடுத்த முறை மலையேறும்போது கிடாயின் காலை அவிழ்த்துவிட்டு, அடியில் வைக்கோல் பரப்பி, தனியாகத் தடுத்து நிறுத்துங்கள். சேவலைக் கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.