காற்றைக் குறைத்தால் மணல்மேடு ஏறலாம்

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடந்திருக்கிறீர்களா? இரண்டடி முன்னால் வைத்தால் மணல் ஓரடி பின்னால் இழுக்கும். அந்த மணல் செக்கச்செவேல் என்று இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துகளின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. நம் வீட்டுப் பழைய ஆணியில் பிடிக்கும் துருவும் அதன் உறவுதான்.

இதே சிவப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரிய மணல்வெளி ஒன்று ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கிறது. அதன் பெயர் சிம்ப்சன் பாலைவனம். பரப்பு ஏறத்தாழ 1,76,500 சதுர கிலோமீட்டர். அங்கே 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், உழுத வயலின் சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. கிழக்கு ஓரத்தில் 'பிக் ரெட்' என்ற மேடு சுமார் 40 மீட்டர் உயரம். பத்து மாடிக் கட்டடம் கூட அதற்குக் குட்டைதான்.

வாங்கங்குரு என்ற பழங்குடி மக்கள் மணல்மேடுகளுக்கு நடுவே 'மிகிரி' என்னும் கிணறுகளைத் தோண்டி, அந்த நீரை நம்பி இங்கே வாழ்ந்தார்கள். 1936இல் டெட் கோல்சன் என்பவர் பீட்டர் எய்ன்ஸ் என்ற பழங்குடித் தோழரோடு ஒட்டகங்களில் இந்தப் பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் வண்டி முதன்முதலாக இதைக் கடந்தது 1962இல். ஓட்டிப் போனவர் ரெக் ஸ்ப்ரிக் என்ற நிலவியலாளர். 1946இல் எடியகரா குன்றுகளில் மிகப் பழைய உயிர்களின் புதைபடிவங்களைக் கண்டுபிடித்தவர் இவர்தான். பாலைவனத்துக்குத் தனியாகப் போகவில்லை. மனைவி கிரிசெல்டாவையும் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனார்! வண்டி, நிசான் பேட்ரோல்.

இன்று நாலைந்து வண்டிகள் குழுவாகச் சேர்ந்து இந்தப் பாலைவனத்தைக் கடக்கின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகள் அவை. மேற்கே மவுண்ட் டேர் என்ற இடத்தை விட்டால் கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊர் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, மெக்கானிக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு வண்டியை எப்படித் தயார் செய்வது?

பெரிய எஞ்சின் வேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும், வண்டி தரையைத் தொடுவது நான்கே இடத்தில். அந்த நான்கு இடமும் எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

சாமான் ஏற்றிய வண்டியின் எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் ஓடும்போது டயரில் 36 பி.எஸ்.ஐ. காற்று. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம். 3,000 கிலோவை இரண்டரையால் வகுத்தால் 1,200 சதுர சென்டிமீட்டர். ஒரு சக்கரத்துக்கு 300. உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்போது காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். அதே கணக்கில் ஒரு சக்கரத்துக்கு 660 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். நோட்டைத் திறந்து வைத்தால் தெரியும் இரண்டு பக்கம்! டயரின் ரப்பரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் கணக்கு சற்று மாறும். ஆனால் போக்கு இதுதான்.

எடை அகலமான இடத்தில் பரவினால் வண்டி மணலில் புதைவது குறையும். ஒட்டகத்துக்கு அகலமான பாதம் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் டயரில் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றுக் குறைந்த டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் அதிகம் படுக்கிறது. செயின் பட்டையில் ஊர்ந்து போகும் பொக்லைன் வண்டியைப் பார்த்திருப்பீர்களே, அது போல. விறைப்பான டயர் மணலில் குழி பறித்துவிட்டு, தான் பறித்த குழியிலிருந்தே ஏறி ஏறி வெளியே வர வேண்டும். நீளமாகப் படுத்த டயருக்கு அந்தத் தொல்லை குறைவு. அளவுக்கு மீறிக் குறைத்தால் வேறு ஆபத்து: திரும்பும்போது டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். அதனால் வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடினால் டயர் சூடாகும். சூடானால் உள்ளே காற்றின் அழுத்தம் கூடும். மதியம் அளந்துவிட்டு "நிறைய இருக்கிறதே" என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் சப்பையாக நிற்கும்.

குழுவாகப் போகும்போது ஒருவருடைய டயர் அந்த ஒருவருடைய விஷயம் மட்டுமல்ல. ஒருவர் மட்டும் காற்றைக் குறைக்காமல் மேடேறினால் அவருடைய சக்கரம் சுழன்று சுழன்று குழிகளைப் பறிக்கும். பின்னால் வரும் அத்தனை பேரும் அந்தக் குழிகளில் குதித்துத்தான் ஏற வேண்டும். அதனால் எல்லா வண்டிக்கும் காற்றழுத்தத்தை ஒரே கேஜை வைத்து அளப்பது நல்லது. அளக்கும் கருவி சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வழியிலேயே ஒரு சான்று உண்டு: பெப்பல் கார்னர் என்ற இடம். இன்று இரண்டு மாநிலங்களும் ஓர் ஆட்சிப்பகுதியும் சந்திக்கும் அந்த முனையில் 1880இல் அகஸ்டஸ் பெப்பல் என்ற நில அளவையாளர் ஒரு மரக்கம்பத்தை நட்டார். அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறை சங்கிலியைப் போடும்போதும் ஓர் அங்குலமாகப் பிழை சேர்ந்து சேர்ந்து, கடைசியில் கம்பத்தை ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி நட வேண்டியதாயிற்று.

அடுத்தது சுமை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணீர் என்றால், நாலு பேருக்கு ஐந்து நாளுக்கு 200 லிட்டர். அது 200 கிலோ. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 840 கிராம். 180 லிட்டர் என்றால் 150 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆக, ஒரு பசுமாட்டை வண்டியில் ஏற்றியதற்குச் சமம்! இதைக் கூரை மேல் வைத்தால் என்ன ஆகும்? உச்சி வரை வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி வாய்க்கால் கரையில் ஒரு பக்கமாகச் சாய்வதை நினைத்துப் பாருங்கள். எடை மேலே போகப் போக ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. அப்புறம் சின்னச் சாய்வே வண்டியைக் கவிழ்த்துவிடும். அதனால் தண்ணீரும் டீசலும் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். கூரையில் மெத்தையும் கூடாரமும் போதும்.

முன்னே போய்ப் புதைந்த வண்டியைப் பின்னே வரும் வண்டி இழுக்கும். அதற்கு நைலான் பட்டை. இரும்புச் சங்கிலி நீளாது, வெடுக்கென்று இழுத்து எதையாவது உடைத்துவிடும். நைலான் பட்டை ரப்பர் போல நீளும். 9 மீட்டர் பட்டை கிட்டத்தட்ட 11 மீட்டர் வரை போகும். உண்டிவில்லில் ரப்பரை இழுத்தால் சக்தி சேர்கிறதே, அதேதான் இங்கும். அந்தச் சக்தி புதைந்த வண்டியை மெல்லப் பிடுங்கி எடுக்கிறது. ஆனால் பட்டையை மாட்டிய கொக்கி பலமில்லாமல் பிய்ந்துவிட்டால், அதுவே உண்டிவில்லின் கல்லாகப் பறக்கும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் பட்டையை மாட்டி, அது பிய்ந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. இழுப்பதற்கென்றே வண்டியின் அடிச்சட்டத்தோடு பொருத்திய கொக்கி இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். இழுக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் எட்டத் தள்ளி நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் மண்வெட்டியால் சக்கரத்தின் எதிரே மணலை வாரி எடுத்தால், பல நேரம் இழுக்கும் வேலையே இருக்காது.

வண்டியின் அடிப்பக்கத்தைத் தினமும் குனிந்து பார்ப்பதும் முக்கியம். ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்போன்ற புல் அங்கே வளர்கிறது; அதில் பிசின் உண்டு. அந்தப் புல் சூடான புகைக்குழாயின் மேல் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

மணல்மேட்டின் உச்சிக்கு அந்தப் பக்கம் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால்? இரண்டு ஓட்டுநருக்கும் தெரிவது வானம் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நீளமான கம்பில் பளிச்சென்ற கொடி கட்டுகிறார்கள். தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரம். வண்டி தெரிவதற்கு முன்பே கொடி தெரிந்துவிடும். ரேடியோவும் வைத்துக்கொள்கிறார்கள். அதன் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவதால், பள்ளத்தில் நின்று பேசினால் மணல்மேடு மறித்துவிடும்; உச்சியில் நின்று பேசினால் வெகுதூரம் கேட்கும். ஒரு வண்டி உச்சியைக் கடந்து "வழி தெளிவு" என்று சொன்ன பிறகே அடுத்த வண்டி ஏறும். இவ்வளவு ஏற்பாடு இருந்தாலும், அங்கே கோடைக்காலமான டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அந்த வெயிலுக்குப் பயந்து தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் பாலைவனத்தையே மூடிவிடுகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சைக்கிளின் பின்டயரில் காற்றை நன்றாக நிரப்பி, டயரை நனைத்து, கட்டம் போட்ட தாளின் மேல் நிறுத்துங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் ஏறி உட்காரட்டும். ஈரத் தடம் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். பாதிக் காற்றை இறக்கிவிட்டு, வேறு தாளில் மறுபடியும் எண்ணுங்கள். தடம் நீளத்தில் அதிகம் வளர்ந்ததா, அகலத்திலா என்று எழுதி வையுங்கள். முடித்ததும் மறக்காமல் காற்றை அடித்துவிடுங்கள். காற்றுக் குறைந்த வண்டி டயர் கெட்டிச் சாலையில் வேகமாக ஓடினால் சூடேறிக் கிழியலாம். பாலைவனத்தைக் கடந்து கெட்டிச் சாலையைத் தொட்டதும் ஜீப்காரர்கள் இறங்கிச் செய்யும் முதல் வேலையும் டயருக்குக் காற்றடிப்பதுதான்.