ஏத்தத்துக்கு எத்தனை பல்லு?

2022ஆம் ஆண்டு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், நாடு முழுவதும் சைக்கிளுக்குக் கிராக்கி ஏற்பட்டது, விலையும் ஏறியது. பழைய சைக்கிளை வாங்கித் திருத்தி ஓட்டினால் பஸ் காசு மிச்சம் என்று நினைப்பவர்கள் நம் லயங்களிலும் உண்டு. ஆனால் எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்து ரோடுகளில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். காலில் பலமில்லை என்று நினைக்காதீர்கள். கோளாறு பல்லுக் கணக்கில் இருக்கலாம்.

பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரம்தான் செயின் வீல். பின் சில்லில் இருக்கும் சிறியது பிரீவீல். இரண்டின் பற்களையும் எண்ணுங்கள். முன் எண்ணிக்கையைப் பின் எண்ணிக்கையால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சில்லு எத்தனை சுற்றுச் சுற்றும் என்று தெரியும்.

முன்னால் 44, பின்னால் 18 என்றால் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீற்றர் ஓடும். ஆகவே ஒரு மிதிக்கு 5.4 மீற்றர் போகும். தம்புள்ளைப் பக்கத்துச் சமதரைக்கு இது சரி. பலகடுவை ஏத்தத்துக்கு இது பாரம்.

பிரீவீலை மட்டும் 22 பல்லாக மாற்றினால் சரியாக இரண்டு சுற்று. ஒரு மிதிக்கு 4.4 மீற்றர். கூடுதல் தடவை மிதிக்கவேண்டும், வேகமும் குறையும். ஆனால் காலுக்கு வரும் பாரம் ஐந்தில் ஒரு பங்களவு குறையும். முழங்கால் தப்பும்.

"முன்னால பெரிய செயின் வீல் போட்டா வேகமா போகும்தானே?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சமதரையில் போகும். மலையில் நின்றுவிடும். மேலும் சாதாரண சைக்கிளில் செயின் வீல் பெரும்பாலும் கிராங்கோடு சேர்ந்தே இருக்கும். மாற்றுவதற்குச் செலவு கூட. பிரீவீல் மாற்றுவதே மலிவு. 20 அல்லது 22 பல்லு இருக்கிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்க.

நான்கு பல்லு கூடினால் செயின் ஓர் அங்குலம் அளவு நீளம் தேவைப்படும். கியர் சைக்கிளின் செயின் ஒடுக்கமானது. சாதாரண சைக்கிளின் தடித்த பல்லில் அது உட்காராது.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஏத்தம் தொடங்குமுன்பே முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

தேய்ந்த பல்லைக் கவனியுங்கள். நுனி ஊசிபோல் கூர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின் வழுக்கும். எழும்பி நின்று மிதிக்கிற நேரம் வழுக்கினால், ஆள் ரோட்டில். பழைய பல்லில் புதுச் செயின் போட்டாலும் இதே கதைதான்; இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏறின மலையை இறங்கவும் வேண்டும். பல்லுக் கணக்கு இறக்கத்தில் உதவாது. பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்குமுன் முதலில் பிரேக் கட்டை இரண்டையும் பாருங்கள். பல்லை அதற்குப் பிறகு எண்ணலாம்.