ரீட்டா மொரேனோவின் ஆஸ்கார் உடை, 1962

மேற்பகுதி கறுப்பு, கீழே பொன்னிற வேலைப்பாடு மின்னும் அகன்ற பாவாடை. பாவாடைத் துணி, ஜப்பானியர் கிமோனோவின் மேல் இடுப்பில் கட்டும் ஒபிப் பட்டைக்கானது. தைத்தது மணிலாவில். படப்பிடிப்புக்காக அங்கிருந்த ரீட்டா மொரேனோ, இதை அணிந்து வந்து 1962 ஏப்ரல் 9 அன்று ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றார். நடிப்புக்காக ஆஸ்கார் வென்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் இவரே.

1931-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். ஐந்து வயதில், தையல் வேலை செய்து பிழைத்த தாயுடன் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார்.

விருதுக்குப் பிறகும் ஹாலிவுட் அவருக்குத் தர முன்வந்தவை தெருச்சண்டைக் கும்பல் படங்களின் சிறு வேடங்களே. தம் மக்களை இழிவாகக் காட்டும் அவற்றை மறுத்து, பல ஆண்டுகள் பட வாய்ப்பின்றி இருந்தார். விருதைவிடப் பெரிது அந்த மறுப்பு. 1963 ஆகஸ்ட் 28 அன்று, மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியில், கறுப்பின மக்களின் உரிமைக்காகத் திரண்ட கூட்டத்தில் அவரும் இருந்தார்.

2018 ஆஸ்கார் விழாவுக்கு, 86 வயதில், இதே உடையில் வந்தார். கழுத்துப் பகுதி மட்டும் மாற்றப்பட்டிருந்தது.