வெட்டுக்கிளி

வெட்டுக்கிளி அல்லது தத்துக்கிளி என்பது பருத்து நீண்ட பின்னங்கால்களால் தாவிச் செல்லும், இலைதழைகளைக் கடித்துத் தின்னும் பூச்சியினங்களைக் குறிக்கும் பொதுப்பெயராகும். இவை ஆர்த்தாப்டிரா என்னும் வரிசையில், சீலிஃபெரா என்னும் துணைவரிசையைச் சேர்ந்தவை. இத்துணைவரிசையில் ஏறத்தாழ 12,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை வாழ்கின்றன. இவற்றுள் இருபதுக்கும் குறைவான இனங்களே பெருங்கூட்டமாகத் திரண்டு, நாடு விட்டு நாடு பறந்து பயிர்களை அழிக்கும் இயல்புடையவை. எஞ்சிய ஆயிரக்கணக்கான இனங்கள் தனித்தே வாழ்ந்து மடிகின்றன.

பெயர்

ஆங்கிலத்தில் தனித்து வாழும் வெட்டுக்கிளிக்கும் திரண்டு படையெடுக்கும் வெட்டுக்கிளிக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தமிழில் இரண்டுக்கும் வெட்டுக்கிளி என்ற ஒரே சொல் வழங்குகிறது. விட்டில் என்னும் சொல் இன்று பெரும்பாலும் விளக்கொளியை நாடி வரும் பூச்சியைக் குறித்தாலும், பழைய உரைகளில் பயிரழிக்கும் பூச்சியையும் குறித்துள்ளது. திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், நாட்டுக்குக் கேடு விளைப்பவை என எண்ணும் ஆறனுள் விட்டிலும் ஒன்று. இக்கட்டுரையில் திரளும் இனங்களைப் படை வெட்டுக்கிளி என்றும், ஏனையவற்றை வெட்டுக்கிளி என்றும் குறிப்போம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் வட இந்தியாவில் படை வெட்டுக்கிளிகள் பரவிய செய்தி வந்துகொண்டிருந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்திருந்த பூச்சிகளைக் கண்டு உழவர்கள் அஞ்சினர். அவை பாலைவனத்திலிருந்து வந்தவை அல்ல, உள்ளூர் வெட்டுக்கிளிகளே என வேளாண் அறிஞர்கள் விளக்கினர். பூச்சியை அடையாளம் காணாமல் நஞ்சு தெளித்தால் செலவும் வீண், நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் கேடு.

வகைப்பாடு

ஆர்த்தாப்டிரா வரிசை இரு துணைவரிசைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று என்சிஃபெரா. சுவர்க்கோழி, பிள்ளைப்பூச்சி, இலையைப் போன்ற சிறகுடைய பச்சைப் பூச்சிகள் ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் உணர்கொம்புகள் மயிரிழைபோல் நீண்டவை, பல இனங்களில் உடலைவிட நீளமானவை. மற்றொன்று வெட்டுக்கிளிகள் அடங்கிய சீலிஃபெரா. இவற்றின் உணர்கொம்புகள் குட்டையானவை, முப்பதுக்கும் குறைவான கணுக்களைக் கொண்டவை.

உணர்கொம்பைத் தவிர வேறு அடையாளங்களும் உள்ளன. என்சிஃபெரா பூச்சிகள் முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்புகின்றன. அவற்றின் செவி முன்னங்காலில் அமைந்திருக்கிறது. வெட்டுக்கிளிகளிலோ செவிப்பறை வயிற்றின் முதற் கண்டத்தின் இருமருங்கிலும் உள்ளது. ஒலியெழுப்பும் இனங்கள் பெரும்பாலும் பின்தொடையை முன்சிறகின் மீது தேய்க்கின்றன. என்சிஃபெரா பெண்பூச்சிகள் பலவற்றுக்கு வாள் போன்ற நீண்ட முட்டையிடு உறுப்பு உண்டு. பெண் வெட்டுக்கிளிக்கு இருப்பது மண்ணைத் தோண்டுவதற்கேற்ற, குட்டையான வலிய முனைகளே. பச்சை நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

சீலிஃபெராவில் மிகப் பெரிய குடும்பம் அக்ரிடிடே. இதில் 6,000 க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நெற்பயிரைத் தாக்கும் ஹைரோகிளைஃபஸ் பனியான், ஆக்சியா பேரினத்து வெட்டுக்கிளிகள், எல்லாப் படை வெட்டுக்கிளிகள் ஆகியன இக்குடும்பத்தினவே. பிர்கோமார்ஃபிடே என்னும் மற்றொரு குடும்பத்தில் நன்கு அறிமுகமானது எருக்கு வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலமும் கலந்த இதன் பளிச்சிடும் நிறம், தன்னைத் தின்ன வரும் பறவைகளுக்கு எச்சரிக்கையாக அமைகிறது. தொந்தரவு செய்தால் உடலிலிருந்து நீரைப் பீய்ச்சி அடிக்கும்.

படை வெட்டுக்கிளி என்பது வகைப்பாட்டில் ஒரு தனிப்பிரிவு அன்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பாலைவன வெட்டுக்கிளி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியுள்ள புலம்பெயர் வெட்டுக்கிளி, மொரோக்கோ வெட்டுக்கிளி ஆகிய மூன்றும் அக்ரிடிடே குடும்பத்தின் வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. பாலைவன வெட்டுக்கிளியின் பேரினமான சிஸ்டோசெர்காவில் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏனையவை அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவை. அவற்றுட் பெரும்பாலானவை திரள்வதில்லை. ஆகவே திரளும் பண்பு ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று, பல கிளைகளில் தனித்தனியே தோன்றியதாகும்.

உடலமைப்பு

பிற பூச்சிகளைப் போலவே உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாலானது. தலையில் இரண்டு கூட்டுக்கண்களும் மூன்று எளிய கண்களும் உள்ளன. கீழ்நோக்கிய வாயில் வலிய தாடைகள் பக்கவாட்டில் அசைந்து இலையை வெட்டுகின்றன. மார்பின் முன்பகுதியைக் குதிரைச் சேணம் போன்ற தகடு ஒன்று மூடியிருக்கும். முன்சிறகுகள் தடித்துத் தோல் போன்றவை. பறத்தலுக்கு முதன்மையாகப் பயன்படும் பின்சிறகுகள் மெல்லியவை, ஓய்வில் விசிறிபோல் மடிந்து முன்சிறகுகளின் அடியில் இருக்கும். மார்பில் இரண்டு இணையும் வயிற்றில் எட்டு இணையுமாக மூச்சுத்துளைகள் அமைந்துள்ளன. உயிர்வளி நுண்குழாய்கள் வழியாக நேரே திசுக்களை அடைவதால், அதனைச் சுமந்து செல்லும் வேலை குருதிக்கு இல்லை.

வெட்டுக்கிளியின் தாவல் தசையின் வேகத்தால் மட்டும் நிகழ்வதன்று. எந்தத் தசையும் அவ்வளவு விரைவாகச் சுருங்க இயலாது. தாவுமுன் பூச்சி பின்னங்காலை முழுமையாக மடக்குகிறது. பிறகு காலை நீட்டும் தசையையும் மடக்கும் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. கால் அசைவதில்லை; மாறாக நீட்டும் தசையின் ஆற்றல், முழங்காலில் உள்ள பிறை வடிவக் கடினத்தோல் பகுதியையும் தசைநாணையும் வளைத்தும் இழுத்தும் அவற்றில் சேமிக்கப்படுகிறது. மடக்கும் தசை தளர்ந்ததும் சேமித்த ஆற்றல் ஒரு நொடியின் நூற்றில் மூன்று பங்கு நேரத்தில் வெளிப்பட்டுப் பூச்சியை எறிகிறது. வில்லை மெதுவாக வளைத்து நாணை விடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

வாழ்க்கை வட்டம்

பெண்பூச்சி வயிற்றை மண்ணுக்குள் செலுத்தி, முட்டைகளை ஒரு கட்டாக இட்டு, நுரையால் மூடுகிறது. பாலைவன வெட்டுக்கிளி ஈரமான மணலில் 10 முதல் 15 செ.மீ ஆழத்தில் முட்டையிடும். இதற்காக அதன் வயிறு இயல்பான நீளத்தைவிட இரு மடங்குக்கும் மேல் நீளும். திரண்ட நிலையில் ஒரு கட்டில் எண்பதுக்கும் குறைவான முட்டைகளும், தனித்த நிலையில் 90 முதல் 160 வரையிலும் இருக்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி சிறகற்ற சிறிய வெட்டுக்கிளியாகவே காணப்படும். கூட்டுப்புழுப் பருவம் இல்லை. ஐந்து அல்லது ஆறு முறை தோலுரித்து, இறுதித் தோலுரிப்பில் முழுச்சிறகு பெறுகிறது. பாலைவன வெட்டுக்கிளியில் முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரமும், இளம்பருவத்துக்கு ஒரு மாதத்திற்குச் சற்று மேலும் ஆகும். வெப்பத்தைப் பொறுத்து இக்காலம் பெரிதும் மாறும்.

நிலைமாற்றம்

ஒரே இனம் இரு வேறு உருவங்கொள்ளும் வியப்பை விளக்கியவர் பூச்சியியலாளர் போரிஸ் உவாரொவ் ஆவார். தெற்கு ரஷ்யாவில் பணியாற்றியபோது, லோக்கஸ்டா மைக்ரட்டோரியா, லோக்கஸ்டா டேனிக்கா எனத் தனி இனங்களாகக் கருதப்பட்டவை ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் கண்டார். இவை ஒரே இனத்தின் இரு நிலைகளே என்னும் கொள்கையை 1921 இல் வெளியிட்டார். ஒன்று தனித்த நிலை, மற்றது திரள்நிலை. கூட்டம் எங்கிருந்து வருகிறது, எங்கே மறைகிறது என்ற பழைய கேள்விக்கு இதில் விடை இருந்தது. கூட்டம் எங்கும் மறைவதில்லை. எண்ணிக்கை குறைந்ததும் அதே பூச்சிகளின் வழித்தோன்றல்கள் அடையாளம் தெரியாத எளிய வெட்டுக்கிளிகளாய்ப் புல்லிடையே வாழ்கின்றன.

தனித்த நிலையில் பாலைவன வெட்டுக்கிளியின் இளம்பூச்சிகள் பச்சை அல்லது மண்ணிறமாக இருக்கும். வளர்ந்தவை இரவில் பறக்கும். தம்மினத்தை விட்டு விலகிச் செல்லும். திரள்நிலையில் இளம்பூச்சிகள் மஞ்சளும் கருப்புமாக மாறி அணியணியாக நடக்கும், புதிதாகச் சிறகு பெற்றவை இளஞ்சிவப்பாகவும், முதிர்ந்தவை மஞ்சளாகவும் இருக்கும், பகலில் பறக்கும்.

மாற்றத்தைத் தூண்டுவது நெருக்கமாகும். நல்ல மழைக்குப் பின் பெருகிய பூச்சிகள், தாவரங்கள் காய்ந்து எஞ்சிய சில பசுமைத் திட்டுகளில் கூடும்போது ஒன்றோடொன்று இடிபடுகின்றன. பின்தொடையின் வெளிப்புறத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டாலே பூச்சியின் நடத்தை சில மணி நேரத்தில் மாறிவிடும் என்பது ஆய்வில் தெரியவந்தது. பிற பூச்சிகளைப் பார்ப்பதும் முகர்வதும் சேர்ந்தாலும் இவ்விளைவு உண்டாகும். அப்போது மார்பு நரம்புத்திரள்களில் செரோட்டோனின் மிகுவதே நடத்தை மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது என 2009 இல் ஆய்வாளர்கள் காட்டினர். நிறமும் உடலமைப்பும் மாற மேலும் காலம் வேண்டும். நெருக்கத்தின் விளைவு தாய்வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. புலம்பெயர் வெட்டுக்கிளிகளை ஒன்றுசேர்க்கும் 4-வினைலனிசோல் என்னும் மணப்பொருளைச் சீன ஆய்வாளர்கள் 2020 இல் கண்டறிந்தனர்.

அணிவகுப்பை ஒற்றுமையின் அடையாளமாகப் பலர் எழுதுவதுண்டு. அது அத்துணை இனிய செய்தியன்று. பின்னால் வரும் பூச்சி தன்னைக் கடித்துத் தின்றுவிடும் என்பதாலேயே முன்னால் உள்ளது நகர்ந்துகொண்டிருக்கிறது என 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது.

படையெடுப்புகள்

அமைதிக் காலத்தில் பாலைவன வெட்டுக்கிளி மேற்கு ஆப்பிரிக்கா முதல் மேற்கு இந்தியா வரையுள்ள ஏறத்தாழ 1.6 கோடி ச.கி.மீ வறண்ட நிலத்தில் சிதறி வாழ்கிறது. படையெடுப்பின்போது இப்பரப்பு 2.9 கோடி ச.கி.மீ வரை விரியும். ஒரு சதுர கி.மீ கூட்டத்தில் 4 முதல் 8 கோடிப் பூச்சிகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்குத் தன் எடையளவு, அதாவது சுமார் 2 கிராம், பசுமையைத் தின்னும். காற்றின் போக்கில் ஒரு நாளில் 100 கி.மீ க்கும் மேல் செல்லும். 1988 இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரிபியத் தீவுகளை அடைந்தன.

அண்மைய பெரும் படையெடுப்பின் வேர் 2018 இல் உள்ளது. அவ்வாண்டு மே மாதம் மெக்குனு புயலும் அக்டோபரில் லுபான் புயலும் அரபுத் தீவகத்தின் ரப் அல் காலிப் பாலைவனத்தில் மழை பெய்வித்தன. ஆளில்லா மணற்பரப்பில், எவர் கண்ணிலும் படாமல், வெட்டுக்கிளிகள் பல தலைமுறைகள் பெருகின. ஏமனின் உள்நாட்டுப் போரால் அங்குக் கட்டுப்பாட்டுப் பணி போதிய அளவில் நடைபெறவில்லை. 2020 இல் எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா ஆகிய நாடுகள் பெரும் இழப்புக்கு உள்ளாயின. கென்யாவில் எழுபது ஆண்டுகளில் கண்டிராத தாக்குதல் அது. இந்தியாவில் 2019 மே மாதம் ராஜஸ்தானில் தொடங்கி, 2020 இல் மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், உத்தரப் பிரதேசம் வரை பரவின. மே இறுதியில் செய்ப்பூர் நகரத்தின் மீதும், சூன் 27 அன்று குருகிராமின் மீதும் கூட்டங்கள் பறந்தன.

மனிதரால் முற்றாக அழிந்த படை வெட்டுக்கிளியும் ஒன்றுண்டு. வட அமெரிக்காவின் ராக்கி மலை வெட்டுக்கிளி 1870களில் வானை மறைக்கும் கூட்டங்களாகத் திரிந்தது. 1902 க்குப் பின் உயிருடன் எவரும் கண்டதில்லை. அதனை ஒழிக்க எவரும் திட்டமிட்டு வென்றதாகக் கூற முடியாது. அமைதிக் காலத்தில் அது ஒடுங்கி வாழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடியேறியோர் உழுது, நீர் பாய்ச்சியதே அழிவுக்குக் காரணம் என்பது பூச்சியியலாளர் செஃப்ரி லாக்வுட்டின் கருத்து.

கட்டுப்பாடு

இந்தியாவில் 1939 இல் நிறுவப்பட்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு ராஜஸ்தான், குசராத் எல்லைப் பாலைவனங்களைக் கண்காணிக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு பல நாடுகளின் கள அறிக்கைகளையும் செய்மதிப் படங்களையும் தொகுத்து முன்னறிவிப்பு வெளியிடுகிறது. சிறகு முளைக்காத இளம்பூச்சிகளைத் தாக்குவதே எளிது. பறக்கத் தொடங்கிவிட்டால், கூட்டம் மாலையில் இறங்கும் இடத்தைத் தேடிக் கண்டு, வெயில் ஏறிப் பறப்பதற்கு முன் மருந்து தெளிக்க வேண்டியுள்ளது. 2020 இல் இந்தியாவில் இதற்குச் சிறு ஆளில்லா வானூர்திகளும் பயன்பட்டன.

முன்பு பெரிதும் நம்பியிருந்த டீல்டிரின், சூழலில் நெடுங்காலம் அழியாமல் தங்குவதால் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த மாலத்தியான், குளோர்பைரிஃபாசு ஆகியன விரைவில் சிதைபவை. ஆயினும் தேனீக்களுக்கும் பிற பூச்சிகளுக்கும் நஞ்சே. மெட்டாரைசியம் அக்ரிடம் என்னும் பூஞ்சை வெட்டுக்கிளிகளையும் அவற்றின் நெருங்கிய உறவினங்களையும் மட்டுமே தாக்கும். ஆத்திரேலியாவிலும், 2020 இல் சோமாலியாவிலும் இது பயன்படுத்தப்பட்டது. ஆனால் பூச்சி மடிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். கதிர் முற்றிய வயலில் கூட்டம் இறங்கிய பின் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. பல நாடுகளில் வெட்டுக்கிளிகளை வறுத்து உண்ணும் வழக்கம் உண்டு. எனினும் வேதிநஞ்சு தெளித்த கூட்டத்திலிருந்து பிடித்தவற்றை மக்கள் உண்பதோ, கோழிகளுக்கு இடுவதோ தீங்கானது.